இரகசிய எண்ணும் சமவாய்ப்பும்

பயிர் அறுவடைச் சோதனைக்குச் செல்லும் களப் பணியாளர்கள் சமவாய்ப்பு எண் அட்டவணையை நன்கு அறிவர். ஒரு கிராமத்தில் 123 புலங்கள் இருப்பின், எந்தப் புலத்தில் அறுத்து எடை காண்பது என்பதைப் பணியாளர் தம் விருப்பப்படி முடிவு செய்தல் ஆகாது. விருப்பத்திற்கு விட்டால், பாதைக்கு அருகிலுள்ளதும் கதிர் முற்றி நிற்பதுமான புலத்தையே கால்கள் நாடும். அதனால் மாவட்டத்தின் விளைச்சல் மதிப்பீடே உயர்ந்துவிடும். ஆகையால் அட்டவணையிலிருந்து ஒரு மூவிலக்க எண்ணை எடுத்து, அதனை 123-ஆல் வகுத்து, கிடைக்கும் மீதியையே புலத்தின் வரிசை எண்ணாகக் கொள்வர். மீதி இல்லையெனில் 123-ஆம் புலம் தேர்வாகும்.

இம்முறையில் ஒரு சிறு விதி உண்டு. எடுத்த எண் 984-க்கு மேற்பட்டதாயினும், 000-ஆக இருப்பினும், அதனைத் தள்ளிவிட்டு அடுத்த எண்ணை எடுக்க வேண்டும். புதிதாய்ப் பணியில் சேர்ந்தோர் சிலர் இதனை வெறும் சடங்கு எனக் கருதுவதுண்டு. 123-இன் எட்டு மடங்கு 984. எனவே 1 முதல் 984 வரையிலான எண்களில் ஒவ்வொரு மீதியும் சரியாக எட்டு முறை வரும். 985 முதல் 999 வரையுள்ள பதினைந்து எண்களையும் ஏற்றுக்கொண்டால், 1 முதல் 15 வரையுள்ள புலங்களுக்கு மட்டும் ஒன்பது வாய்ப்புகள் கிட்டும். ஏனைய புலங்களுக்கு எட்டே. இந்தப் பாரபட்சத்தை நீக்குவதற்காகவே அவ்விதி ஏற்பட்டது.

இதே விதியை அறியாத காரணத்தால், பணத்தைக் காக்க வேண்டிய கணிப்பொறி நிரல்களிலும் பிழைகள் நேர்கின்றன. வங்கி, கூட்டுறவுச் சங்கம், வணிக நிலையம் ஆகியவை தம் உறுப்பினருக்கு வழங்கும் இரகசிய எண்ணைத் தயாரிக்கும் நிரல்கள் இவற்றுள் முக்கியமானவை. வழக்கில் ‘பின் நம்பர்’ எனப்படுவது இதுவே. 1972 ஆகஸ்ட் 15 முதல் வழங்கிவரும் ஆறிலக்க அஞ்சல் குறியீட்டு எண்ணுக்கும் ‘பின்’ என்றே பெயர். ஆனால் இவ்விரண்டும் இயல்பில் எதிரெதிரானவை. அஞ்சல் எண்ணின் முதல் இலக்கத்தைக் கண்டவுடனேயே கடிதம் எந்த மண்டலத்திற்குரியது என்று கூறிவிடலாம். அதன் பயனே அதுதான். இரகசிய எண்ணிலோ ஓர் இலக்கத்தைக் கண்டும் அடுத்த இலக்கத்தைக் கூற இயலாதிருத்தல் வேண்டும்.

பத்தாயிரத்தில் ஒன்று

நான்கு இலக்கங்கள் கொண்ட இரகசிய எண் 0000 முதல் 9999 வரை பத்தாயிரம் வகையாக அமையலாம். மூன்று முறை தவறினால் அட்டை முடக்கப்படும் எனக் கொண்டால், அட்டையைக் களவாடியவன் ஊகத்தால் வெற்றி பெறும் நிகழ்தகவு பத்தாயிரத்தில் மூன்று ஆகும். இவ்வளவு சிறிய எண்ணைக் கொண்டு ஒருவருடைய சேமிப்பு முழுவதையும் காக்கத் துணிவது, பத்தாயிரம் எண்களும் சம வாய்ப்புடையவை என்னும் ஒரே நம்பிக்கையில்தான். அந்த நம்பிக்கை பொய்த்தால் அடைப்பில் இடைவெளி விழுந்த தோட்டத்தின் நிலையே.

இடைவெளிகள் பெரும்பாலும் நல்லெண்ணத்தாலேயே விழுகின்றன. நிரல் எழுதுவோர் இரகசிய எண்ணை அளவு காட்டும் எண்ணாகக் கருதிச் சேமித்துவிடுவர். அப்பொழுது 0427 என்பது 427 ஆகிவிடும். அத்தொல்லையைத் தவிர்க்க 1000 முதல் 9999 வரை மட்டுமே வழங்குவது எனத் தீர்மானிப்பர். பத்தில் ஒரு பங்கு இவ்வாறு கழிந்துபோகும். இரகசிய எண் எண்ணிக்கை அன்று. அது நான்கு எழுத்துகளின் வரிசை. அவ்வாறே சேமித்தல் வேண்டும்.

இதனினும் பெரிய இழப்பு மற்றொரு விதியால் நேர்கிறது. ‘ஒரே இலக்கம் இருமுறை வரலாகாது’ எனச் சிலர் கட்டளையிடுவர். அவ்வாறு வந்தால் எண் எளிதாகத் தோன்றும் என்பது அவர்கள் அச்சம். நான்கு இலக்கங்களும் வெவ்வேறாக அமையும் எண்கள் 10 × 9 × 8 × 7, அதாவது 5,040 மட்டுமே. எஞ்சிய 4,960 எண்களும் ஒரே வாக்கியத்தால் கழிக்கப்பட்டன. உண்மையான சமவாய்ப்பில் ஏறத்தாழப் பாதி எண்களில் ஏதேனும் ஓர் இலக்கம் மீண்டும் வரும் என்பது பலருக்கு வியப்பாகவே இருக்கிறது. 5,040 எண்களில் இலக்கங்கள் யாவும் வெவ்வேறு. 4,320 எண்களில் ஓர் இணை. 270 எண்களில் இரண்டு இணைகள். 360 எண்களில் மூன்று இலக்கங்கள் ஒன்றே. 10 எண்களில் நான்கும் ஒன்றே. இவற்றின் கூட்டுத்தொகை 10,000. ஒரு தொகுதி எண்களை இவ்வகையில் பிரித்துச் சோதிக்கும் முறையைக் கெண்டால், பாபிங்டன் ஸ்மித் என்னும் ஆங்கிலப் புள்ளியியலார் இருவரும் 1938-இல் வெளியிட்டனர். சீட்டாட்டத்தின் பெயரால் அது ‘போக்கர் சோதனை’ எனப்படுகிறது.

கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த ராஸ் ஆண்டர்சன் 1993-இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில், பிரிட்டிஷ் வங்கிகளில் நிகழ்ந்த பிழைகள் பலவற்றை விவரித்தார். மையக் கணிப்பொறியோடு தொடர்பு இல்லாத வேளையிலும் பண இயந்திரம் ஓரளவேனும் எண்ணைச் சரிபார்க்க வேண்டும் என்பதற்காக, ஒரு வங்கி தன் இரகசிய எண்களில் முதல் இலக்கமும் நான்காம் இலக்கமும் கூடிய தொகை, இரண்டாம் இலக்கமும் மூன்றாம் இலக்கமும் கூடிய தொகைக்குச் சமமாக இருக்கும்படி அமைத்திருந்தது. 4725 என்பது அத்தகைய எண். இந்நிபந்தனைக்கு உட்பட்ட எண்கள் எத்தனை என்று மாணவரைக் கொண்டே கணக்கிடச் செய்யலாம். இரண்டு இலக்கங்கள் கூடி 0 ஆவதற்கு ஒரு வழி, 1 ஆவதற்கு இரண்டு வழி, இவ்வாறு 9 ஆவதற்குப் பத்து வழி. பிறகு படிப்படியாகக் குறைந்து 18 ஆவதற்கு மீண்டும் ஒரு வழி. இவ்வழிகளின் வர்க்கங்களைக் கூட்டினால் 670 கிடைக்கும். பத்தாயிரம் எனக் கருதப்பட்டது உண்மையில் 670. மூன்று முயற்சிகளில் வெற்றி பெறும் வாய்ப்பு 223-இல் ஒன்றாகிவிட்டது. மற்றொரு நிறுவனத்தில் பணியாளர் ஒருவர், எல்லா வாடிக்கையாளர்க்குமாகச் சேர்த்து மூன்றே இரகசிய எண்கள் வழங்கப்படும்படி நிரலைத் திருத்தி வைத்திருந்தார் என்றும் அக்கட்டுரை கூறுகிறது. இது பிழையன்று, களவு.

இவ்விஷயம் கணித நயத்தோடு நின்றுவிடுவதில்லை. தம் கணக்கிலிருந்து பணம் போய்விட்டது என ஒருவர் முறையிட்டால், ‘இரகசிய எண் உமக்கு மட்டுமே தெரியும், ஆகவே நீரோ உம்மைச் சேர்ந்தவரோதான் எடுத்திருத்தல் வேண்டும்’ என்பதே வழக்கமாகக் கிடைத்துவந்த மறுமொழி. எண் உண்மையிலேயே பத்தாயிரத்தில் ஒன்றாக இருந்தால்தான் அம்மறுமொழிக்குச் சிறிதேனும் வலு உண்டு. நிரலின் குறையை உறுப்பினரின் கவனக்குறைவாகப் பதிவு செய்வது அநீதி. கிராமத்தில் எழுதப் படிக்க அறியாத ஓர் ஓய்வூதியக்காரர் அதனை எதிர்த்து எந்தச் சான்றையும் காட்ட இயலாது.

மீதியில் மறைந்த பாரபட்சம்

கணிப்பொறி எண்களை இரண்டின் அடுக்குகளாகவே கையாள்கிறது. எட்டுத் துண்டுகள் கொண்ட ஒரு பைட்டு 0 முதல் 255 வரை 256 மதிப்புகளை ஏற்கும். அதனைப் பத்தால் வகுத்து மீதியை ஓர் இலக்கமாகக் கொள்வதே எவர்க்கும் முதலில் தோன்றும் வழி. 256-இல் பத்து, இருபத்தைந்து முறை அடங்கி ஆறு எஞ்சும். ஆகவே 0 முதல் 5 வரையுள்ள இலக்கங்கள் 26 வழியிலும், 6 முதல் 9 வரையுள்ளவை 25 வழியிலும் தோன்றும். வேறுபாடு நூற்றுக்கு நான்கு. பதினாறு துண்டுகள் கொண்ட எண்ணைப் பத்தாயிரத்தால் வகுத்தாலும் இதே கதைதான்: 65,536 மதிப்புகளில் 0000 முதல் 5535 வரையுள்ளவற்றிற்கு ஏழு வாய்ப்பு, ஏனையவற்றிற்கு ஆறு. இதற்குப் பரிகாரம் களப் பணியாளர் செய்யும் அதே செயல்தான். 60,000-உம் அதற்கு மேற்பட்டதுமான எண் வந்தால் தள்ளிவிட்டு வேறு எண் எடுக்க வேண்டும். பன்னிரண்டு முறைக்கு ஒரு முறை அவ்வாறு தள்ள நேரிடும்; கணிப்பொறிக்கு அது ஒரு பொருட்டன்று.

இவ்வகைப் பாரபட்சம் மிகப் புகழ்பெற்ற இயந்திரம் ஒன்றிலேயே இடம்பெற்றிருந்தது. 1970களில் ஐபிஎம் நிறுவனம் தன் 3624 என்னும் பண இயந்திரத்திற்காக வகுத்த முறையில், கணக்கு எண்ணை ஓர் இரகசியத் திறவுகோலால் மறைகுறியாக மாற்றுவர். அதன் விளைவு பதினாறு அடிமான எண்ணாக இருக்கும். அப்பதினாறு குறிகளில் முதற்பத்தும் 0 முதல் 9 வரை அப்படியே நிற்க, எஞ்சிய ஆறும் மீண்டும் 0 முதல் 5 வரை என மாற்றப்பட்டன. ஆகவே 0 முதல் 5 வரையுள்ள இலக்கம் ஒவ்வொன்றும் எட்டில் ஒரு முறையும், 6 முதல் 9 வரையுள்ளவை ஒவ்வொன்றும் பதினாறில் ஒரு முறையுமே வரும். சிறிய இலக்கங்களால் மட்டுமே ஆகிய எண் ஒன்றின் நிகழ்தகவு பத்தாயிரத்தில் ஒன்றாக இல்லாமல் 4,096-இல் ஒன்றாகிறது. பெரிய இலக்கங்களால் மட்டுமே ஆகியதோ 65,536-இல் ஒன்று. நிகழ்தகவுக் கணக்கிற்கு இதனினும் எளிய எடுத்துக்காட்டை ஆசிரியர்கள் தேட வேண்டுவதில்லை. சமவாய்ப்பில் 0 முதல் 5 வரையுள்ள இலக்கங்கள் மட்டுமே கொண்ட எண்கள் நூற்றுக்குப் பதின்மூன்றாக இருத்தல் வேண்டும்; இம்முறையில் அவை நூற்றுக்கு முப்பத்திரண்டு ஆகின்றன.

சமமாயிருந்தும் மறையாதவை

எல்லா எண்களும் சமமாக வருகின்றன என்று நிறுவிவிட்டால் மட்டும் போதுமா? போதாது. புள்ளியியல் ஆய்வின் தேவையும் இரகசியத்தின் தேவையும் இங்கேதான் பிரிகின்றன.

கணிப்பொறியில் சமவாய்ப்பு போலத் தோன்றும் எண்களை உண்டாக்க, டி. எச். லேமர் 1949-இல் ஒரு முறையைக் கூறினார். ஓர் எண்ணை மாறாத ஒரு எண்ணால் பெருக்கி, மற்றொரு எண்ணால் வகுத்து, மீதியை அடுத்த எண்ணாகக் கொள்ளல் வேண்டும். பெருக்கியபின் ஒரு மாறா எண்ணைக் கூட்டுவது பிற்காலத்து விரிவு. கரும்பலகையில் இதனைச் செய்து காட்டலாம். 7-இல் தொடங்கி, ஒவ்வொரு முறையும் ஐந்தால் பெருக்கி, மூன்றைக் கூட்டி, பதினாறால் வகுத்து மீதியை எழுதினால் வருவன: 7, 6, 1, 8, 11, 10, 5, 12, 15, 14, 9, 0, 3, 2, 13, 4. அடுத்து மீண்டும் 7. பதினாறு எண்களும் ஒவ்வொரு முறை வந்துவிட்டன. எதற்கும் கூடுதலோ குறைவோ இல்லை. ஆயினும் ஓர் எண்ணை அறிந்தவர் அடுத்த எண்ணை உடனே கூறிவிடுவார். விதியை அறியாதவரும் சற்று உற்றுநோக்கினால் ஒற்றையும் இரட்டையும் மாறி மாறி வருவதைக் கண்டுகொள்வார்.

இன்றைய நிரல் மொழிகள் பலவற்றில் சாதாரணமாகக் கிடைக்கும் சமவாய்ப்பு எண்கள் இதன் வளர்ந்த வடிவங்களே. ஜப்பானியரான மட்சுமோட்டோ, நிஷிமுரா ஆகியோர் 1998-இல் வெளியிட்ட ‘மெர்சென் ட்விஸ்டர்’ என்னும் முறை மிகச் சிறந்த பரவலை உடையது. அதன் வரிசை மீண்டும் முதலுக்குத் திரும்ப எடுக்கும் நீளம் கற்பனைக்கு எட்டாதது. எனினும் அது வெளியிடும் முப்பத்திரண்டு துண்டு எண்களில் 624-ஐத் தொடர்ச்சியாகப் பெற்றவர், பிறகு வருவன எல்லாவற்றையும் கணக்கிட்டுவிட இயலும். விளைச்சல் மதிப்பீட்டிற்கு இது குறையன்று. மேலதிகாரி அதே தொடக்க எண்ணைக் கொண்டு அதே புலங்கள் தேர்வாகின்றனவா எனச் சரிபார்க்கலாம் என்பதால் அங்கே அது நன்மையேயாகும். இரகசிய எண்ணுக்கோ அதே பண்பு கேடாக முடிகிறது.

தொடக்க எண்ணைத் தேர்வதில் நேரும் பிழை இன்னும் எளியது. நிரல் எழுதுவோர் பலர் கடிகாரத்தின் நேரத்தையே தொடக்க எண்ணாகக் கொடுப்பர். 1999-இல் இணையச் சீட்டாட்ட நிரல் ஒன்றை ஆராய்ந்தோர், அது நள்ளிரவு முதல் கழிந்த ஆயிரத்திலொரு வினாடிகளைத் தொடக்கமாகக் கொண்டு சீட்டைக் கலைப்பதைக் கண்டனர். 52 சீட்டுகளை அடுக்கும் வழிகளின் எண்ணிக்கை 68 இலக்கங்கள் கொண்டது. அந்நிரலால் ஒரு நாளில் உண்டாகக்கூடியவையோ 8 கோடியே 64 லட்சம் அடுக்குகள் மட்டுமே. கடிகாரத்தை ஒத்திசைத்துக்கொண்டால் அவை ஏறக்குறைய இரண்டு லட்சமாகச் சுருங்கின. கையிலுள்ள சில சீட்டுகளைக் கொண்டே மற்றவர் கைச் சீட்டுகளைக் கூற அவர்களால் முடிந்தது. 1995-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் இணைய உலாவியிலும் நேரத்தையும் ஓரிரு எளிய எண்களையும் தொடக்கமாகக் கொண்ட குறை கண்டுபிடிக்கப்பட்டது.

இரகசிய எண்ணைத் தாங்கிய சீட்டு ஒன்றில், அது அச்சிடப்பட்ட நாளும் நேரமும் நிமிடக் கணக்கில் பொறிக்கப்பட்டிருப்பதாகக் கொள்ளலாம். நிரல் ஒவ்வோர் எண்ணையும் அந்த வினாடியையே தொடக்கமாகக் கொண்டு உண்டாக்கினால், அந்நிமிடத்தின் அறுபது வினாடிகளுக்கும் அறுபது எண்களே உண்டு. மூன்று முயற்சிகளுக்கு வாய்ப்பு இருபதில் ஒன்று. எண் எவ்வளவு ஒழுங்கற்றதாகக் கண்ணுக்குத் தோன்றினும் பயனில்லை.

மெய்யான வாய்ப்பின் ஊற்று

டிப்பெட் என்பார் 1927-இல் வெளியிட்ட 41,600 இலக்கங்கள் மக்கள் தொகைக் கணக்கெடுப்பு அறிக்கைகளிலிருந்து எடுக்கப்பட்டவை. அமெரிக்காவின் ராண்ட் நிறுவனம் மின்னணுச் சுழல்சக்கரம் ஒன்றால் பத்து லட்சம் இலக்கங்களை உண்டாக்கி 1955-இல் நூலாக்கியது; அந்த இயந்திரமும் சிறிது ஒருபக்கம் சாய்ந்தமையால், இலக்கங்களை ஒன்றோடொன்று கூட்டிப் பத்தின் மீதியை எடுத்துச் சரிசெய்ய வேண்டியிருந்தது. பிரிட்டனில் அரசின் பரிசுப் பத்திரங்களுக்காக 1957-இல் அமைந்த ‘எர்னி’ என்னும் இயந்திரம் நியான் குழாய்களின் மின் சலசலப்பைப் பயன்படுத்தியது. இயற்கையின் ஒழுங்கின்மையே இவற்றிற்கெல்லாம் ஊற்று.

சாய்ந்த நாணயத்தையும் நேர்மையாக்கலாம் என்பதை வான் நியூமன் 1951-இல் காட்டினார். நாணயத்தை இருமுறை சுண்ட வேண்டும். முதலில் தலையும் பிறகு பூவும் வந்தால் 1 எனவும், முதலில் பூவும் பிறகு தலையும் வந்தால் 0 எனவும் குறிக்க வேண்டும். இரண்டும் ஒன்றாகவே வந்தால் தள்ளிவிட வேண்டும். நாணயம் எவ்வளவு சாய்வுடையதாயினும், ஒரு சுண்டல் மற்றொன்றைப் பாதிக்காதவரையில், இவ்விரு வரிசைகளின் நிகழ்தகவும் ஒன்றே.

இன்றைய கணிப்பொறியின் இயக்க அமைப்பு, சாதனங்களின் குறுக்கீடுகள் நிகழும் நுண்ணிய நேர வேறுபாடுகள், சில்லினுள் எழும் வெப்பச் சலசலப்பு முதலியவற்றைத் திரட்டி, மறைகுறியியல் முறையால் கலக்கி, வேண்டுவோர்க்கு வழங்குகிறது. வணிக நிரல் எழுதுவோர் தாமாக ஒரு முறையைப் புனையாமல் இதனையே கேட்டுப் பெற வேண்டும். பைத்தான் மொழியில் ‘ரேண்டம்’ என்னும் பகுதிக்குப் பதிலாக ‘சீக்ரெட்ஸ்’ என்பதும், ஜாவாவில் ‘ரேண்டம்’ என்பதற்குப் பதிலாக ‘செக்யூர் ரேண்டம்’ என்பதும் இதற்கென்றே அமைந்தவை. ஒரு சொல்லை மாற்றுவதே முழுப் பரிகாரமாக அமைவது நிரல் தொழிலில் அரிது.

இரு உறுப்பினர்க்கு ஒரே எண் வரலாகாது என்னும் கட்டளையும் சில அலுவலகங்களில் உண்டு. சங்கத்தில் 120 பேர் இருந்தாலே யாரேனும் இருவர்க்கு ஒரே எண் அமையும் நிகழ்தகவு பாதிக்கு மேல். அதனால் தீங்கில்லை, எண் கணக்கோடு சேர்ந்தே பொருள் பெறுகிறது. ஆனால் உறுப்பினர் தாமே ஓர் எண்ணைத் தேர்ந்திடும்பொழுது, ‘இவ்வெண் முன்னரே வழங்கப்பட்டுள்ளது’ என இயந்திரம் மறுமொழி கூறுமாயின், வேறொருவருடைய இரகசியத்தை அது வெளியிட்டுவிட்டது என்பதே பொருள்.

வகுப்பறைச் சோதனை

மனிதர் தாமே தேர்ந்த எண்கள் எத்தகையவை என்பதைக் கேம்பிரிட்ஜில் போனோ, பிரைபுஷ், ஆண்டர்சன் ஆகிய மூவரும் 2012-இல் ஆராய்ந்தனர். பிறந்த நாளும் ஆண்டும் பெருவழக்காக இருப்பதால், பிறந்த தேதி பொறித்த அட்டையும் பணப்பையில் இருப்பின், திறமையுள்ள திருடன் 11 முதல் 18 பணப்பைகளுக்கு ஒன்றில் வெற்றி பெறுவான் என அவர்கள் கணித்தனர்.

ஐம்பது மாணவர் கொண்ட வகுப்பில், ஒவ்வொருவரும் மனத்தில் தோன்றிய நான்கிலக்க எண்கள் நான்கை எழுதட்டும். பிறகு 0 முதல் 9 வரை எழுதிய ஒரே அளவான பத்துச் சீட்டுகளை ஒரு குடத்திலிட்டு, ஒவ்வொரு முறையும் எடுத்த சீட்டைத் திரும்பப் போட்டு நன்கு குலுக்கி, அவ்வாறே 200 எண்களை உண்டாக்கட்டும். சீட்டைத் திரும்பப் போடாவிட்டால் இலக்கம் மீளாது. முன்னர்க் கூறிய 5,040-க்குள் அகப்பட்டுக்கொள்ள நேரும். குடத்து எண்களில் இலக்கங்கள் யாவும் வெவ்வேறானவை சுமார் 101, ஓர் இணையுடையவை சுமார் 86, இரண்டு இணைகள் 5, மூன்று ஒன்றானவை 7 என்ற அளவில் இருக்கும்; நான்கும் ஒன்றான எண் பெரும்பாலும் வராது. மனத்தில் தோன்றிய எண்களில் இணைகள் எவ்வளவு குறைகின்றன, 19 அல்லது 20 எனத் தொடங்குவன எவ்வளவு மிகுகின்றன என்பதை மாணவரே எண்ணி அட்டவணையிடலாம். வீட்டாரின் உண்மையான இரகசிய எண்ணையே எழுதிவிடும் மாணவரும் இருக்கக்கூடும். ஆகையால் தாள்களில் பெயர் எழுதச் செய்யாதிருப்பதும், கணக்கு முடிந்த அன்றே அவற்றைக் கிழித்து எரித்துவிடுவதும் நலம்.